முழு உடல் பரிசோதனைக்கான வெளிநாட்டுப் பயணச் செலவு

முழு உடல் பரிசோதனைக்கான வெளிநாட்டுப் பயணச் செலவு என்பது, நோய் அறிகுறி எதுவும் இல்லாத ஒருவர் நோய்களை முன்கூட்டியே கண்டறிவதற்காக வேறொரு நாட்டுக்குச் சென்று பரிசோதனை செய்துகொள்வதால் ஏற்படும் மொத்தச் செலவைக் குறிக்கும். இது மருத்துவச் சுற்றுலாவின் ஒரு பிரிவாகும். ஜப்பான், தென் கொரியா, தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளில் உள்ள பெரிய மருத்துவமனைகள் வெளிநாட்டவருக்கும் இத்தகைய பரிசோதனைத் தொகுப்புகளை வழங்குகின்றன. தொகுப்புக்கான கட்டணம் மொத்தச் செலவின் ஒரு பகுதி மட்டுமே. பரிசோதனை முடிவில் ஏதேனும் ஐயம் எழுந்தால் அதைத் தொடர்ந்து வரும் செலவு பெரும்பாலும் கணக்கில் விடுபடுகிறது. இதற்கெனத் தனிப் பெயரும் விசா ஏற்பாடும் கொண்ட ஜப்பான் இதனை விளக்கப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

ஜப்பானின் நிங்கென் டொக்கு

ஜப்பானில் முழு உடல் பரிசோதனை "நிங்கென் டொக்கு" எனப்படுகிறது. "நிங்கென்" என்றால் மனிதர். "டொக்கு" என்பது கப்பல்களைப் பழுதுபார்க்கும் துறையைக் குறிக்கும் சொல். நீண்ட பயணம் முடிந்த கப்பலைத் துறையில் நிறுத்திச் சோதிப்பதுபோல மனித உடலையும் சோதிப்பது என்பதே இதன் பொருள். 1954ஆம் ஆண்டு தோக்கியோவில் இம்முறை தொடங்கியது. தொடக்கத்தில் பல நாள்கள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. தற்போது பெரும்பாலும் ஒரே நாளில் அல்லது ஓர் இரவு தங்கலுடன் முடிந்துவிடுகிறது.

இரத்தம், சிறுநீர், மலப் பரிசோதனைகள், இரத்த அழுத்தம், இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, வயிற்று அல்ட்ராசவுண்ட், இரைப்பைக்கான பேரியம் எக்ஸ்ரே அல்லது எண்டோஸ்கோப்பி ஆகியவை இதில் வழக்கமாக இடம்பெறுகின்றன. இது சிகிச்சை அல்ல என்பதால் ஜப்பானியருக்கும் பொது மருத்துவக் காப்பீடு இதற்குப் பொருந்தாது.

செலவின் கூறுகள்

பரிசோதனைக் கட்டணம்: ஒரு நாள் நிங்கென் டொக்குவுக்கு உள்நாட்டவரிடம் பொதுவாக 30,000 முதல் 60,000 யென் வரை பெறப்படுகிறது. வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் வைத்துள்ள மருத்துவமனைகளும் உண்டு. புற்றுநோயைத் தேடும் பெட்-சி.டி. ஸ்கேனைச் சேர்த்தால் ஏறக்குறைய 100,000 யென் கூடும். இந்தக் கட்டணத்துக்கு 10% நுகர்வு வரி உண்டு. விலைப்பட்டியலில் வரி சேர்ந்துள்ளதா என்பதைப் பார்க்க வேண்டும்.

விசா: மருத்துவத்துக்காக வருவோருக்கென ஜப்பான் 2011 ஜனவரியில் தனி விசாவை அறிமுகப்படுத்தியது. முழு உடல் பரிசோதனைக்கும் இது பொருந்தும். இதற்கு விண்ணப்பிப்பவருக்கு, பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனமோ பயண நிறுவனமோ உத்தரவாதம் அளிக்க வேண்டும். அந்நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனிச் செலவாகும்.

மொழி: பரிசோதனை அறிக்கை இயல்பாக ஜப்பானிய மொழியிலேயே இருக்கும். உடன்வரும் மொழிபெயர்ப்பாளருக்கும், அறிக்கையை ஆங்கிலத்தில் பெறுவதற்கும் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. ஊர் திரும்பியபின் அறிக்கையை உள்ளூர் மருத்துவர் படிக்க வேண்டும் என்பதால் இச்செலவைத் தவிர்ப்பது நல்லதல்ல.

பயணமும் தங்குதலும்: பரிசோதனை ஒரு நாளில் முடிந்தாலும் பயணம் ஒரு நாளில் முடிவதில்லை. தூக்கமின்மையும் நீரிழப்பும் இரத்த அழுத்தத்தையும் சில இரத்தப் பரிசோதனை அளவுகளையும் மாற்றக்கூடும். எனவே வந்து இறங்கிய மறுநாளே பரிசோதனை செய்துகொள்வதைவிட ஓரிரு நாள் ஓய்வெடுப்பது நல்லது. மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி செய்தால் உடன் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கான விமானக் கட்டணமும் அறை வாடகையும் கணக்கில் சேரும். விடுப்பு எடுப்பதால் இழக்கும் ஊதியமும் செலவே.

முடிவுக்குப் பிந்தைய செலவு

நிங்கென் டொக்கு முடிவுகள் எழுத்துத் தரங்களாக வழங்கப்படுகின்றன. "ஏ" என்றால் குறை இல்லை. "டி" என்றால் மேலும் விரிவான பரிசோதனையோ சிகிச்சையோ தேவை. "டி" தரம் கிடைத்தவுடன் தொகுப்பின் எல்லை முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தனிக் கணக்கு.

ஜப்பானின் காப்பீட்டு முறையில் ஒவ்வொரு மருத்துவச் செயலுக்கும் குறிப்பிட்ட புள்ளிகள் உண்டு. ஒரு புள்ளியின் மதிப்பு 10 யென். காப்பீடு இல்லாத வெளிநாட்டவருக்கு இந்த மதிப்பை மருத்துவமனையே தீர்மானிக்கலாம். 20 அல்லது 30 யென் எனக் கணக்கிடும் மருத்துவமனைகளும் உண்டு. எனவே 1,000 புள்ளி கொண்ட ஒரு பரிசோதனைக்கு 10,000 யென்னுக்குப் பதிலாக 30,000 யென் கட்ட நேரிடலாம். திட்டமிட்டுச் செய்யும் பரிசோதனைகளுக்குப் பயணக் காப்பீடு பொதுவாக உதவாது.

காலமும் நீளும். திசுப் பரிசோதனை முடிவுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகலாம். பெருங்குடலில் பாலிப் அகற்றப்பட்டால் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பைக் கருதிச் சுமார் ஒரு வாரம் நீண்ட பயணத்தைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துவது வழக்கம். திரும்பும் விமானச் சீட்டைத் தேதி மாற்ற முடியாதபடி வாங்கியிருந்தால் அதுவும் இழப்பாகும்.

இயல்பு அளவும் தவறான ஐயமும்

ஐயத்துக்குரிய முடிவு வருவது அரிதான நிகழ்வு அல்ல. பல இரத்தப் பரிசோதனைகளில் "இயல்பு அளவு" என்பது உடல்நலமுள்ளோரில் நடுவில் உள்ள 95% பேரின் அளவைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அதாவது, நலமுடன் இருப்பவர்களிலும் 5% பேர் அந்த எல்லைக்கு வெளியே இருப்பர். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை நலமுள்ள ஒருவர் செய்துகொண்டால், குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்டுவதற்கான வாய்ப்பு சுமார் 64%. பரிசோதனைகள் 40 ஆனால் அது சுமார் 87% ஆகும். உண்மையில் பல பரிசோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த வீதம் சற்றுக் குறையலாம். ஆயினும் பெரிய தொகுப்பு என்பது கூடுதல் பாதுகாப்பு மட்டுமன்று, கூடுதல் ஐயங்களும்தான் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

தென் கொரிய அனுபவம்

தேவையற்ற பரிசோதனையின் விலை பணத்தோடு நிற்பதில்லை என்பதற்குத் தென் கொரியா சான்றாகும். அந்நாட்டு அரசு 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அல்ட்ராசவுண்ட் அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கூடுதல் கட்டணத்தில் அதைச் சேர்த்து வழங்கின. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் வீதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்காக உயர்ந்தது. அந்நோயால் இறப்போரின் வீதம் மாறவில்லை. 2014இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் இதனை வெளியிட்டது. வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாமல் இருந்திருக்கக்கூடிய கட்டிகள் பெருமளவில் கண்டறியப்பட்டதே காரணம். கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர். பலர் ஆயுள் முழுவதும் ஹார்மோன் மாத்திரை உட்கொள்ள வேண்டியதாயிற்று. சிலருக்குக் குரல் நாண் செயலிழந்தது.

பயன் குறித்த ஆய்வுகள்

பொதுவான உடல் பரிசோதனைகள் குறித்த காக்ரேன் மீளாய்வு 2019இல் புதுப்பிக்கப்பட்டது. 17 ஆய்வுகளைச் சேர்த்துக்கொண்டு 2,51,891 பேரின் தரவுகளை ஆராய்ந்த அம்மீளாய்வு, இத்தகைய பரிசோதனைகள் மொத்த இறப்பு வீதத்தைக் குறைப்பதில் பயன் சிறிதளவே அல்லது அறவே இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

இதனால் எல்லாப் பரிசோதனைகளும் வீண் என்று பொருள் கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் அளத்தல், கருப்பை வாய்ப் புற்றுநோய், பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் உரிய வயதினருக்குப் பயன் தருபவை. நீண்ட காலம் அதிகம் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் நுரையீரல் புற்றுநோய் இறப்பைக் குறைக்கிறது. இவற்றுள் பல உள்ளூரிலேயே கிடைப்பவை.

செலவைத் திட்டமிடுதல்

பயணத்தை முடிவு செய்வதற்கு முன் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது பயனுள்ளது:

- தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பரிசோதனையின் பெயர், வரி சேர்ந்த மொத்தக் கட்டணம்
- மொழிபெயர்ப்பு, ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்கான தனிக் கட்டணங்கள்
- கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் வெளிநாட்டவருக்கான விலை விகிதம்
- முடிவுகள் கிடைக்கும் நாள், ஸ்கேன் படங்களைக் கையோடு பெறும் வசதி

தம் வயது, குடும்ப நோய் வரலாறு, பழக்கங்கள் ஆகியவற்றுக்கு எந்தப் பரிசோதனை தேவை என்பதை உள்ளூர் மருத்துவரிடம் முதலில் கேட்டறிந்தால் தொகுப்பின் அளவைக் குறைக்கலாம். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ அதிகம் எனத் தெரியவந்தால் அதைப் பல ஆண்டுகள் கண்காணிக்கப் போவதும் அந்த உள்ளூர் மருத்துவரே. எனவே தொடர் சிகிச்சைக்கு வேண்டிய பணத்தை ஒதுக்கி வைத்த பின்னரே பயணத்துக்கான பணத்தைக் கணக்கிடுவது முறையாகும்.