பல் பிடுங்கும் கைக்கே வந்தது வினை!

நள்ளிரவில் கையை உதறிக்கொண்டு எழும் டாக்டர்கள்

-நமது நிருபர்-

பல் வலி வந்தால் நாம் பல் டாக்டரிடம் ஓடுகிறோம். பல் டாக்டருக்குக் கை வலி வந்தால் அவர் எங்கே ஓடுவார்?

பலர் எங்கும் ஓடுவதில்லை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கையை உதறிக்கொள்கிறார்கள்!

வட சென்னையில் ஒரு பல் டாக்டர். வயது 46. துணிக்கடைக்கு மேலே முதல் மாடியில் கிளினிக். 20 வருடத் தொழில். கைராசிக்காரர் என்று பெயர். மாலை 5 மணிக்கே படிக்கட்டு வரை ஆட்கள் உட்கார்ந்து இருப்பார்கள்.

என் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. பல்லைச் சுத்தம் செய்துகொண்டு இருந்தவர், திடீர் என்று கருவியைத் தட்டில் வைத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வலது கையை நாலு முறை உதறினார்.

"என்ன சார் ஆச்சு?" என்றேன், வாயில் பஞ்சோடு.

"ஒண்ணுமில்ல. நல்லா வாயைத் திறங்க."

கடைசி ஆள் படி இறங்கியதும் அவரே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீங்க பேப்பர்காரர்னு தெரியும். என் பேரை மட்டும் போட்டுடாதீங்க தம்பி. மத்ததை எழுதுங்க. நாலு பேருக்கு உதவும்" என்றார்.

அவர் கூறியதாவது:-

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. ராத்திரி 2 மணி இருக்கும். கையில ஆயிரம் எறும்பு கடிக்கிற மாதிரி எரிச்சல். எழுந்து உட்கார்ந்து உதறினேன். போயிடுச்சு. கையை மடிச்சுப் படுத்திருப்போம்னு நினைச்சேன். மறுநாளும் அதே மாதிரி. 'வாயுவா இருக்கும்'னு வீட்டுல பூண்டு உரிச்சுக் கொடுத்தாங்க. ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற நான், பேசாம பூண்டைத் தின்னேன்.

அப்புறம் பகல்லேயும் மரத்துப்போக ஆரம்பிச்சது. சட்டை பட்டன் மாட்ட முடியல. பாக்கெட்டுல கையை விட்டா ஒரு ரூபாயா, அஞ்சு ரூபாயான்னு விரலுக்குத் தெரியல.

ஒருநாள் இட்லிக் கடை அம்மா ஒருத்தங்களுக்குப் பல்லுல காரை எடுத்துக்கிட்டு இருந்தேன். கையில இருந்த கொக்கி நழுவி அவங்க கழுத்துத் துண்டு மேல விழுந்துடுச்சு. 'பரவாயில்ல டாக்டரே'ன்னு அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க. எனக்குக் குலை நடுங்கிடுச்சு. அது கண்ணுல விழுந்திருந்தா?"

இப்படிச் சொல்லிவிட்டு டாக்டர் சிறிது நேரம் பேசவில்லை.

நெரிசலில் சிக்கிய நரம்பு

அவருக்கு வந்திருப்பது 'கார்ப்பல் டனல்' என்ற மணிக்கட்டு நோய்.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே கெட்டியான ஒரு நார்ப்பட்டை கூரை போல மூடி இருக்கிறது. நடுவே ஒரு குறுகிய பாதை. அதன் வழியாக விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், ஒரு முக்கிய நரம்பும் போகின்றன.

காலை 9 மணி மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் முட்டி மோதி நிற்கிற இடத்தில் பத்தாவதாக மாட்டிக்கொண்டவர்தான் நரம்பு. தசைநாண்களைச் சுற்றி வீக்கம் கண்டால் முதலில் நசுங்குவது அவர்தான்!

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பித்துக்கொள்ளும். அதற்கு வேறு நரம்பு.

பல் டாக்டர்களுக்கு ஏன்?

வாய் சின்னது. உள்ளே வெளிச்சம் போதாது. ஒல்லியான கருவியை விரல் நுனியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மேல் கடைவாய்ப் பல் என்றால் மணிக்கட்டை மடக்கித்தான் உள்ளே போக முடியும். மடக்கிய கையை நிமிடக் கணக்கில் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

இதோடு மிஷின் அதிர்வும் சேர்கிறது. காற்றில் ஓடும் ட்ரில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். பல் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவி, வினாடிக்கு 25 ஆயிரம் முறைக்கு மேல் அதிரும்.

கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வரும் வலி வேறு ரகம். ஸ்விட்சர்லாந்து டாக்டர் டி கெர்வைன் 1895-ல் அதை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. அதுவும் பல் டாக்டர்களை விடுவதில்லை.

எல்லாப் பல் டாக்டருக்கும் இந்த நோய்கள் வரும் என்று அர்த்தம் இல்லை. சர்க்கரை, தைராய்டு கோளாறு இருந்தாலும் மணிக்கட்டு நரம்பு நசுங்கலாம். கர்ப்பிணிகளுக்கும் வருவது உண்டு.

ஏன் மறைத்தார்?

"முதல்லயே போய்க் காட்டி இருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரித்தார்.

"நீங்க ஆபீசுல லீவு போடுவீங்க. நான் யார்கிட்ட போடறது? நாற்காலி வாங்கின கடன் இன்னும் 3 வருஷம் இருக்கு. கிளினிக்கைப் பூட்டினாலும் வாடகை நிக்காது. அதைவிட ஒண்ணு தம்பி. 'டாக்டருக்குக் கை சரியில்லையாம்'னு ஒரு பேச்சு கிளம்பினா போதும். மறுநாள் படிக்கட்டு காலியாயிடும்."

கொக்கி விழுந்த மறுநாள் காலை, டாக்டர் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். கை அறுவை சிகிச்சைக்கு என்றே அங்கு தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி உருவாக்கிய பிரிவு அது. சீட்டு வாங்கிக்கொண்டு மற்ற நோயாளிகளோடு வரிசையில் நின்றார்.

ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார்கள். இல்லை. நரம்பில் லேசாக மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சோதித்தார்கள். மணிக்கட்டைத் தாண்டும்போது வேகம் குறைந்து இருந்தது.

"இப்படியே விட்டா கட்டை விரல் அடிச்சதை வத்திப்போகும். அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் பழைய பலம் முழுசா வராம போகலாம்" என்று எச்சரித்து அனுப்பினார்களாம்.

மாற்றியது என்ன?

இப்போது டாக்டர் தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை கட்டிக்கொள்கிறார்.

ஒல்லிக் கருவிகளை ஓரம் கட்டிவிட்டார். கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2006-ல், பல வகைக் கைப்பிடிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். 10 மில்லி மீட்டர் தடிமனும் 15 கிராம் எடையும் உள்ள கைப்பிடிக்குத்தான் விரல் அழுத்தம் மிகக் குறைவாகத் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட கருவிகளையே வாங்கி இருக்கிறார்.

கொக்கிகளை அடிக்கடி சாணை பிடிக்கிறார். மொட்டைக் கொக்கிக்குப் பலம் அதிகம் வேண்டும். கையுறை சரியான அளவில் போடுகிறார். காரை எடுக்கும் வேலையை அடுத்தடுத்து இரண்டு பேருக்கு வைப்பது இல்லை.

ராத்திரி எரிச்சல் பாதியாகக் குறைந்து இருக்கிறது. ஆனாலும் முழுதாகப் போகவில்லை. அடுத்த மாதம் மறுபடி சோதனை. அப்போதும் தேறாவிட்டால் ஆபரேஷன்தான். அந்த நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கும். பிறகு சில வாரங்கள் கருவியைத் தொடக்கூடாது.

உங்கள் கைக்கும் சோதனை

இது பல் டாக்டர் வீட்டுக் கதை மட்டும் அல்ல. தையல்காரர், முடி திருத்துபவர், கறிக்கடைக்காரர், பரோட்டா மாஸ்டர், தச்சர் எல்லோருக்கும் உரியது.

அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பேலன் பெயரில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மார்புக்கு நேராக ஒரு நிமிடம் வையுங்கள். கட்டை விரல் பக்கத்து விரல்களில் மரமரப்பு வந்தால் டாக்டரைப் பாருங்கள். இதுவே முடிவு அல்ல. நோயா, இல்லையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

பல் டாக்டரிடம் போகும்போது நாமும் உதவலாம். "தலையைத் திருப்புங்க" என்றால் திருப்புங்கள். நன்றாக வாயைத் திறங்கள். அவர் மணிக்கட்டை மடக்குவது குறையும். காரை கல்லாக இறுகும் வரை காத்திருக்காமல் முன்னாடியே போய்ச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். அவர் கைக்கும் நல்லது, நம் பர்சுக்கும் நல்லது!

என்ன போர்டு?

விடைபெறும்போது டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஆபரேஷன் ஆனா கதவுல என்ன தம்பி போர்டு மாட்டறது? 'டாக்டர் வெளியூர் போயிருக்கார்'னு போடுங்கன்னு வீட்டுல சொல்றாங்க."

"உள்ளதையே போடுங்க சார். 'கை ஆபரேஷன், இத்தனாம் தேதி முதல் கிளினிக் உண்டு'ன்னு" என்றேன்.

"போட்டா வருவாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அது இதைப் படிக்கும் உங்கள் கையில் இருக்கிறது. அப்படி ஒரு போர்டைப் பார்த்தால் வேறு டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். தன் கையைக் கவனித்துக்கொள்கிறவர் நம் பல்லையும் கவனித்துக்கொள்வார்.

எனக்கு இன்னும் ஒரு பல் பாக்கி இருக்கிறது. நான் காத்திருப்பதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.