மாத்திரையா, ஊசியா?

2001ல் சுரங்கம் மூடப்பட்டபின் கோலார் தங்கவயல் தமிழர்கள் பலருக்கு, மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் காலை ரயில்தான் பிழைப்பு. குழந்தைப்பேறு சிகிச்சைக்கும் பெங்களூர் போவதென்றால், போகும் ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. எனவே எந்த ஹார்மோன் சிகிச்சை என்பது அவர்களுக்குப் பணக் கேள்வியும்கூட.

சினைமுட்டை சரியாக முதிர்ந்து வெளிவராத பெண்களுக்குப் பல்லாண்டுகளாக முதல் மாத்திரை குளோமிஃபீன். மார்பகப் புற்றுநோய்க்கென வந்த லெட்ரோசோல் அதற்குப் போட்டியானது. குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம் என்ற அச்சத்தில், கருத்தரிப்புக்கு அதைத் தருவதை மத்திய அரசு 2011ல் தடை செய்தது. ஆனால் சினைப்பை நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2014ல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதத்தினர் குழந்தை பெற்றனர்; குளோமிஃபீனில் 19.1 சதவீதம்தான். பிறவிக் குறைகளில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. 2017ல் தடை நீங்கியது.

மாத்திரை வழக்கமாக மாதத்துக்கு 5 நாள். எஃப்.எஸ்.ஹெச். ஊசியோ பல நாட்கள் தொடர வேண்டும், ஸ்கேனும் அடிக்கடி. விலை பல மடங்கு. இரட்டைக் குழந்தைக்கும், சினைப்பை அளவு மீறி வீங்குவதற்கும் வாய்ப்பு அதிகம். சோதனைக்குழாய் முறைக்குப் பெரும்பாலும் ஊசிதான் வழி. நீர்க்கட்டிக்காரர்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: "மாத்திரையில் ஆரம்பிக்கலாமா?"