கட்டிப்போடுவது காவல் ஆகாது

மனநோயால் கொந்தளிக்கும் ஒருவரை வீட்டில் கட்டிப்போட நேரும் குடும்பங்கள், இறுகாத முடிச்சாகப் போட்டால் தீங்கில்லை என்று நம்பிவிடுகின்றன. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கைவிட அது மேல் என்பது உண்மைதான். ஆனால் கை திமிறும்போது இறுகாத கட்டும் அழுத்தத்தான் செய்யும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாகத் தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் புறங்கையும் கட்டைவிரலும் மரத்துப்போகும். விலங்கு பூட்டப்பட்டவர்களிடம் மருத்துவர்கள் காணும் அதே பாதிப்பு, மாதக்கணக்கிலும் நீடிக்கலாம். அறுந்த பட்டிழையைத் தேடிப் பிடித்து முடிய வேண்டிய காஞ்சிபுரம் நெசவாளிக்கு, நோய் தணிந்த பின்னும் தறிக்குத் திரும்ப முடியாமல் போகலாம்.

முடிச்சு எவ்வளவு நல்லதானாலும், கட்டுண்டவர் பிறர் தயவில்தான் உயிர் வாழ்கிறார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று எரிந்து 28 பேர் இறந்தார்கள்; தீ சூழ்ந்தபோது ஓட முடியாமல் சங்கிலியில் கிடந்தவர்கள் அவர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95 சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மருத்துவமனையில்கூட, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது பிரிவு 97. தண்டனையாகவோ, ஆள் போதவில்லை என்பதற்காகவோ கூடவே கூடாது.

தறி ஓடினால்தான் அடுப்பெரியும், நாள் முழுக்க யார் காவலிருப்பது என்று குடும்பத்தார் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பாரத்தை அரசும் சுமக்க வேண்டும், நோயாளியின் மணிக்கட்டு மட்டும் சுமக்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சிகிச்சையை அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகலாகத் தமிழில் ஆலோசனை கிடைக்கும், கட்டணமில்லை. நிலைமை கைமீறினால் 108. வீட்டில் மனநோயாளி ஒருவர் துன்புறுத்தப்படுவதாக அக்கம்பக்கத்தார் அறிந்தால் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும்; நம்பக் காரணமிருந்தால் நிலைய அதிகாரி நீதித்துறை நடுவருக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும் என்பது பிரிவு 101. இலவச வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கட்டுண்ட ஒருவரின் விரல்கள் நீலமாகவோ சில்லிட்டோ இருந்தால், முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்காமல் கயிற்றை வெட்டுங்கள். பிறகு நேரே மருத்துவமனைக்கு.