வரி நோட்டில் யார் பெயர்?

மதத்தைப் பற்றிச் சமூகவியலில் என்னதான் படிக்கிறார்கள், சாமி உண்டா இல்லையா என்றா? பலரும் கேட்பதுதான். அந்த வழக்குக்குள் அவர்கள் போவதே கிடையாது. சாமி கும்பிடக் கூடுகிற ஆட்களுக்கு இடையே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளும்.

பிரான்சில் எமில் துர்கைம் என்று ஒரு சமூகவியலாளர், 1858இல் பிறந்தவர். அப்பா யூத மதகுரு. பிள்ளை அந்தப் பக்கம் போகவில்லை. ஆனாலும் மதம் அவரை விடவில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வழிபாட்டை வைத்து 1912இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். இத்தனைக்கும் அவர் ஆஸ்திரேலியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை! ஸ்பென்சர், கில்லன் என்ற இருவர் நேரில் கண்டு எழுதியவற்றைத்தான் பெரிதும் நம்பினார். பின்னால் வந்தவர்கள் இதற்காக அவரைக் கிழித்தார்கள்.

அவர் சொன்னது இதுதான். சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து இரை தேடி அலைகிற மக்கள் ஒரு காலத்தில் ஒன்றுசேர்கிறார்கள். ஆட்டம், பாட்டு, ராத்திரி முழுக்கத் தீ. தனியாக இருக்கும்போது வராத வேகம் அப்போது வருகிறது. தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்று தன்னை ஆட்டுவிப்பதாக ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது. குலச்சின்னமான விலங்கிலோ செடியிலோ அந்தச் சக்தி இருப்பதாக நம்புகிறார்கள். அது கூட்டத்தின் சக்தியே என்றார் துர்கைம்.

நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காப்புக் கட்டியாகிவிட்டால் ஊரைவிட்டுப் போய் வெளியே தங்கக்கூடாது. திருப்பூரில் பனியன் தைப்பவரும் சென்னையில் கடை வைத்திருப்பவரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் குடகு மக்களைப் பற்றி 1952இல் வெளியிட்ட நூலும் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது: சடங்கு குடும்பத்தையும் ஊரையும் நாட்டையும் கட்டிவைக்கிறது.

சரிதான். ஆனால் அந்த ஊரில் யார் யார் அடக்கம்? இங்கேதான் துர்கைம் எனக்குப் போதவில்லை.

கொடைக்காகத் தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. சில ஊர்களில் கணவனை இழந்தவர்களுக்கு அரை வரி. ஊர்விலக்கு செய்யப்பட்ட குடும்பம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் வாங்க மாட்டார்கள். வரி வாங்கவில்லை என்றால் அந்தக் குடும்பம் ஊரில் இல்லை என்று அர்த்தம். அடுத்த தெருக்காரர் அந்த வீட்டு விசேஷத்துக்குப் போக யோசிப்பார். அத்தனை சுருக்கமாக, அத்தனை கொடூரமாக, எந்த அரசுப் பதிவேடும் ஆளைத் தள்ளிவைப்பதில்லை.

தேவகோட்டை அருகே கண்டதேவியில் தேர் வடம் பிடிக்கும் விவகாரமும் இதுதான். நான்கு நாடுகளின், அதாவது ஊர்த் தொகுதிகளின், தலைவர்களான நாட்டாருக்கு அங்கே மரியாதை. பட்டியல் சாதியினர் வடத்தில் கைவைக்க உரிமை கேட்டதும் எழுந்த தகராறில் தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, பலத்த போலீஸ் காவலுடன் 2024 ஜூனில் ஓடியது. சாமி வெறும் சாக்கு என்று நான் சொல்லவரவில்லை. வடம் பிடிக்கக் கேட்டவர்களுக்கும் பக்தி உண்டு. அந்தப் பக்தியோடு ஊரில் சமபங்கையும் சேர்த்தே கேட்டார்கள்.

அடுத்த கொடைக்கு உங்கள் ஊரில் வரி எழுதும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தெந்த வீட்டுக்கு நோட்டு போகாமல் திரும்புகிறது என்று பாருங்கள். ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.