நாரிநோ தனித்து வருவதில்லை

உணவகங்களிற் பாத்திரம் கழுவுவோரும், விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்வோரும், பண்டகசாலைகளிற் பெட்டி தூக்குவோருமாக வாழும் எம்மவரிடையே நாரிநோவை அறியாதோர் குறைவு. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் இந்நோவினால் அவதியுற்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆயினும் வைத்தியரிடம் செல்லும் எம்மவர் "நாரி நோகுது" என்ற அளவில் நிறுத்திக்கொள்வர். பிடரி உளைவும் முழங்கால் நோவும் தோள்மூட்டு இறுக்கமும் வேறு கதைகள் என எண்ணிச் சொல்லாது விடுவர்.

அவை வேறு கதைகளல்ல. நோர்வேயில் ஒஸ்லோவுக்கு அண்மையிலுள்ள உல்லன்சாக்கர் பகுதி மக்களிடம் 1990 இலும் 2004 இலும் நடத்தப்பட்ட ஆய்வுகள், உடலில் ஓரிடத்தில் மாத்திரம் நோவுள்ளோர் சிறுபான்மையினரே எனக் காட்டின. நோகும் இடங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் வேலை செய்ய இயலாமற்போகும் வாய்ப்பும் கூடியது. ஆகவே, எத்தனை இடங்களில் நோகின்றது என்பதை வைத்தியர் அறிந்தேயாக வேண்டும்.

இடுப்பு மூட்டு தேய்ந்தால் நோ கவட்டிலோ முழங்காலிலோ தோன்றலாம். நாரியும் சேர்ந்து நோகலாம். மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையின் பின் நாரிநோவும் தணியப்பெற்றோர் உளர். மறுபுறம், முள்ளந்தண்டில் நரம்பு நெருக்குண்டால் நோ காலுக்கு இறங்கும். அப்போது காலிற் பிழை தேடிப் பயனில்லை.

மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'நாரி' என்னும் சொல் தமிழகத்திலிருந்து வந்தவருக்கு இப்பொருளில் விளங்காதிருக்கலாம். 'இடுப்பு' என்றாலோ இடுப்பு மூட்டு என்றே பதிவாகக்கூடும். கையால் இடத்தைத் தொட்டுக் காட்டுதல் உத்தமம். சிறையிலோ முகாமிலோ அடியுண்டவர்களும் கைகட்டித் தூக்கப்பட்டவர்களும் அதனையும் கூறவேண்டும். தோள்நோவுக்கு அதுவே காரணமாயிருக்கலாம்.

எக்ஸ்ரே எடுக்கவில்லையென வைத்தியர்மேற் கோபிப்போர் பலர். நோவே இல்லாத ஐம்பது வயதினரிலும் நூற்றுக்கு 80 பேரளவில் முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் தேய்ந்திருப்பது ஸ்கான் படங்களிற் தெரிகின்றது. படம் பார்த்து நோவைச் சொல்வது அத்துணை எளிதன்று. படுத்தே கிடப்பதும் உதவாது. இயன்றவரை நடமாடுதல் நன்று. இளவயதில் காலையில் விறைத்து, நடக்க நடக்க இலகுவாகும் நாரிநோ மூட்டு அழற்சியாக இருக்கலாம். அதனைத் தனியே சோதிப்பிக்க வேண்டும்.

ஆனால் சிறுநீர் கழியாமை, மலசலம் அடக்க முடியாமை, தொடையிடை மரத்தல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் நேர்ந்தால், விடியும்வரை காத்திராது அப்பொழுதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.