ஞாபகமும் ஏழைகளின் கணக்கும்

சென்ற முப்பது நாட்களில் உங்கள் வீட்டில் எவ்வளவு பருப்பு செலவாயிற்றென்று ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் வந்து கேட்டால், நம்மில் எத்தனை பேர் பிழையின்றி விடை கூறக்கூடும்? ஆயினும் இவ்வித விடைகளைக் கூட்டியே இந்நாட்டில் ஏழைகள் இத்தனை பேரென்று நிச்சயிக்கப்பட்டு வந்திருக்கிறது. தேசீய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு ராஜ்யத்திலும் எத்தனை பேருக்கு ரேஷன் என்பது 2011-12 ஸர்வேயைக் கொண்டே வகுக்கப்பட்டது. ஆகவே இது புள்ளிக்கணக்கு நிபுணர்களுக்கு மட்டும் விட்டுவிடத்தக்க விஷயமன்று.

1950-ல் பேராசிரியர் மஹலநோபிஸின் முயற்சியால் ஏற்பட்ட தேசீய மாதிரி ஸர்வே, நெடுங்காலம் முப்பது நாள் ஞாபகத்தையே ஆதாரமாகக் கொண்டிருந்தது. 1994 முதல் 1998 வரை ஒரு பரீக்ஷை நடைபெற்றது. சில குடும்பங்களிடம் பழைய முறைப்படியும், வேறு சில குடும்பங்களிடம் ஆகாரத்துக்கு ஏழு நாளும் துணிமணி முதலியவற்றுக்கு ஒரு வருஷமுமாகவும் விசாரித்தனர். புதிய முறையில் ஆகாரச் செலவு சுமார் 30 சதவிகிதம் அதிகமாகத் தென்பட்டது. வறியவர் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. எவர் வாயிலும் ஒரு கவளம் கூடுதலாக விழவில்லை. கேள்வி மாறிற்று, அவ்வளவே.

1999-2000-ல் நேர்ந்தது இதனினும் விபரீதம். ஒரே குடும்பத்திடம் ஏழு நாள் ஆகாரக் கணக்கையும் முப்பது நாள் கணக்கையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரே சாக்ஷியை ஒரே விஷயத்தில் இருமுறை வினவினால், முதற்சொல்லோடு இரண்டாவதைப் பொருத்திக்கொள்ளவே அவன் முயல்வான் என்பது கோர்ட்டில் பழகிய எவருக்கும் தெரியும். 1993-94-ல் 36 சதவிகிதமாயிருந்த வறுமை 26 ஆக இறங்கிற்றென்று சர்க்கார் கூறிற்று. அதில் மெய் எவ்வளவு, கேள்வியின் மாயை எவ்வளவு என்று ஆங்கஸ் டீட்டன் முதலிய நிபுணர்கள் பல வருஷம் ஆராய நேர்ந்தது.

குறுகிய காலமே எப்பொழுதும் மேலென்று கொள்வதற்கும் இடமில்லை. முப்பது நாளென்றால் கீரையும் வெற்றிலையும் மறந்துபோம். ஏழு நாளென்றாலோ, எட்டாம் நாள் வாங்கியதும் கணக்கினுள் நுழைந்துவிடும். 1950-களின் துவக்கத்தில் மஹலநோபிஸ் வங்காளக் கிராமங்களில் அரிசியை நிறுத்துப் பார்க்கச் செய்தபோது, மாதக் கணக்கே மெய்க்கு அருகிலிருந்தது.

2022-23 ஸர்வேயில் கேள்விகளை மூன்றாகப் பிரித்து, மூன்று மாதங்களில் மூன்று முறை வீடு சென்று விசாரித்தது நல்ல ஏற்பாடே. களைத்த மனத்துக்கு ஞாபகம் ஏது? ஆனால் அதனை 2011-12 கணக்கோடு அப்படியே ஒப்பிட்டு, வறுமை ஒழிந்ததென்று முழங்குவது முறையன்று. இனி வரும் ஸர்வேக்களில் ஒரு பகுதிக் குடும்பங்களிடம் பழைய முறையிலும் விசாரித்து, சில வீடுகளில் தராசு கொண்டு நிறுத்தும் பார்த்து, வித்தியாசத்தை ஒளிக்காமல் பிரசுரிக்க வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம்.