நனைந்துபோன 555 புத்தகம்

2021 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும், வானொலி நிகழ்ச்சிக்காக ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஒரு மளிகைக்கடை அண்ணனிடம் மைக்கை நீட்டினேன். “நட்டம் எவ்வளவுண்ணே?”

ஐஸ்பெட்டி, அரிசி மூட்டை, தராசு என்று எண்ணிக்கொண்டே வந்தவர், 555 புத்தகத்தில் நின்றுவிட்டார். வாடிக்கையாளர்களின் கடன் கணக்கெல்லாம் அதில்தான். மை கரைந்து கூழாகிக் கிடந்தது.

“யாருகிட்டப் போய்க் கேக்குறது தம்பி? அவங்க வீட்டுலயும் தண்ணிதானே!”

ஜனவரியில் புள்ளிவிவரத் துறையின் கணக்கு வந்தது. மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி. வணிகத் தளங்களுக்கு மட்டும் 50 கோடி. செய்தியில் அதைத்தான் வாசித்தேன். கூழான புத்தகத்தை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

பிறகொரு நாள் போனபோது கல்லாவில் புது 555. நினைவிருந்த பெயர்களை எழுதியிருந்தார். தொகைக்கு நேரே வெற்றிடம்.